துத்திச் செடி

தமிழகத்துச் சிற்றூர்களில் வேலியோரத்திலும் தரிசு நிலத்திலும் விதைப்பாரின்றித் தானே வளரும் குறுஞ்செடி துத்தி. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட வெப்ப நாடுகள் பலவற்றிலும் இது காணப்படும். பாம்பின் படத்திலுள்ள புள்ளிகளையும் துத்தி என்று பழந்தமிழ் நூல்கள் கூறும். அது வேறு பொருள். நாம் இங்கே கூறுவது செடியை.

பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவை துத்தியின் உறவினங்கள். நம் வீட்டு வாயிலில் பூக்கும் செம்பருத்தியும் அக்குடும்பத்ததே. 1960ஆம் ஆண்டு மலாயாவின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'பூங்கா ராயா' இச்செம்பருத்திதான். அதன் நடுவே நீண்டு நிற்கும் தண்டினை உற்று நோக்குக. மகரந்தத் தாள்கள் பல அடியில் இணைந்து ஒரு குழலாகிச் சூல்தண்டைச் சூழ்ந்திருக்கும். துத்திப் பூவிலும் இதே அமைப்பைச் சிறிய அளவில் காணலாம். இதுவே இக்குடும்பத்தின் அடையாளம்.

துத்தி 1 முதல் 2 மீட்டர் வரை உயரும். இலை இதய வடிவினது; மெல்லிய மயிர் போர்த்தியிருத்தலால் தொடுவதற்கு வெல்வெட்டுத் துணி போன்றிருக்கும். ஐந்து இதழ்களையுடைய மஞ்சள் பூ, பெரும்பாலும் பிற்பகலிலேயே விரியும். காலையில் பார்ப்பவர் மொட்டினைக் கண்டு, பூக்காத செடி என எண்ணி ஏமாறுவதுண்டு. காயோ பல்சக்கரம் போன்றது. பல பிளவுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். முற்றியதும் கறுத்து வெடித்து விதைகளை உதிர்க்கும். செடியை ஐயமின்றி அறிய இக்காயே சிறந்த சான்று.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1756இல் இதற்குச் 'சிடா இண்டிகா' எனப் பெயரிட்டார். பின்னர் இது 'அபுட்டிலான்' இனத்திற்கு மாற்றப்பட்டது. அச்சொல் அரபு மொழி வழி வந்ததாகும்.

துத்தியின் பெயர் மக்கள் நாவில் நிலைத்தது அதன் மருந்துப் பயனால். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி மூல நோய்க்குக் கட்டுவது நாட்டு வழக்கு. சித்த மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மலத்துடன் குருதி போவதெல்லாம் மூலமன்று. குடற்புற்றின் முதற்குறியாகவும் அது இருக்கலாம். ஆதலின் மருத்துவரிடம் காட்டி நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே இலையை நாடுதல் அறிவுடைமை. வெட்கத்தால் நோயை மறைத்து, இலைக்கட்டு ஒன்றையே நம்பிக் காலங் கடத்துவது உயிருக்கே கேடாகும்.

பருத்தி உழவரோ இச்செடியை விரும்பார். பருத்திக் காயைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழு, பயிர் இல்லாத காலத்தில் துத்தி போன்ற உறவுச் செடிகளில் தங்கி வாழும். எனவே வயலோரத்தில் அதைக் களைந்தெறிவர்.

ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்குக் களை. இரு சாராரும் செடியைச் சரியாக அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு முதியோர் அளவில் நின்றுவிடாமல் இளையோர்க்கும் சேர வேண்டும். அடுத்த முறை மாலையில் நடக்கும்போது, பல்சக்கரக் காயுடன் மஞ்சள் பூத்த செடி கண்ணிற்பட்டால் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள்.