பெட்ரோலுக்குள் சுழலும் மோட்டார்

காரின் பெட்ரோல் பம்ப் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்டால், ஒர்க்‌ஷாப்பில் கிலோமீட்டர் கணக்கில்தான் பதில் வரும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்பார்கள். தோராயமாக அது சரிதான். ஆனால் இரண்டு லட்சத்தைத் தாண்டியும் முதல் பம்போடு ஓடும் வண்டிகள் உண்டு. அதில் பாதிகூடப் போகாமல் பம்ப் படுத்துவிட்ட வண்டிகளும் உண்டு. ஓடிய தூரத்தை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. எப்படிப்பட்ட பெட்ரோலில், எவ்வளவு பெட்ரோலில் அந்தப் பம்ப் கிடந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

கார்புரேட்டர் காலத்து அம்பாசடரிலும் பத்மினியிலும் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்தது. கேம்ஷாஃப்ட் அசைக்க, ஒரு சவ்வு ஏறி இறங்கி பெட்ரோலை இழுத்துக் கொடுத்தது. நுண்துளை வழியே பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அந்த மெல்லிய அழுத்தம் போதாது. மூன்று, நான்கு பார் வேண்டும். அதனால் மின்சார பம்ப் வந்தது, டேங்க்குக்கு உள்ளேயே போய் உட்கார்ந்தது. இதில் என்னை விடாமல் ஈர்ப்பது ஒன்று: பெட்ரோல் அந்த மோட்டாரின் வயிற்றுக்குள்ளேயே பாய்கிறது. ஆர்மேச்சரை நனைத்து, கார்பன் பிரஷ் உரசிப் பொறி தெறிக்கும் இடத்தைத் தாண்டித்தான் எஞ்சினுக்குப் போகிறது. தீப்பிடிக்காதா? பிடிக்காது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் எரியும். பம்புக்குள் திரவம் நிறைந்திருப்பதால் காற்றுக்கு இடமில்லை. டேங்க்கின் மேற்புறத்திலோ, நம் ஊர் வெப்பத்தில், ஆவி அந்த மேல்வரம்பைவிடப் பல மடங்கு அடர்ந்து கிடக்கிறது. அதே பெட்ரோல்தான் மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது, பேரிங்குக்கு வழவழப்பும் தருகிறது. நீர்மட்டம் இறங்கிப்போன போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிசர்வில் ஓட்டினால் பம்ப் போய்விடும் என்பது பழங்கதை என்று சிலர் மறுப்பார்கள். பம்ப் ஒரு சிறு குடுவைக்குள் நிற்கிறது, டேங்க் வற்றினாலும் குடுவையில் பெட்ரோல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். பெரும்பகுதி உண்மைதான். ஒரு நாள் ரிசர்வில் வீடு வந்து சேர்ந்ததால் எந்தப் பம்பும் கெடாது. அடிக்கசடு ரிசர்வில்தான் மேலே வரும் என்பதும் சரியில்லை. பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆனால் அந்தக் குடுவை சிறியது. வளைவிலும் மேட்டிலும் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால், குடுவை நிரம்பாமல் காற்று உள்ளே வரலாம். காற்று வந்தால் குளிர்ச்சியும் வழவழப்பும் சேர்ந்தே போகும். முழுக்க வற்றி வண்டி நின்ற பிறகும் விடாமல் செல்ஃப் அடிப்பது பம்புக்குச் செய்யும் பெரிய கொடுமை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிகுந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில், அதாவது பம்பின் வாயருகே, தங்கும். அரைகுறை டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கார்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஒழுங்காக ஓட்டியவர்களின் பம்பும் கெட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைப் பம்ப் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. ஹோண்டாவும் அதே ஆண்டு அழைத்தது. உலக அளவில் டொயோட்டா பல லட்சம் கார்களை அழைத்தபோது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: பம்பின் பிளாஸ்டிக் இம்பெல்லர் அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டிருந்ததால் பெட்ரோலை உறிஞ்சி உருமாறியது. தவறு தொழிற்சாலையுடையது, ஓட்டுநருடையது இல்லை. அங்கேயும் கேடு வந்தது பெட்ரோலில் ஊறித்தான்.

பம்ப் திடீரென்று சாவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். பல கார்களில் சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்குக் கீழே இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது நல்ல சத்தம். ஓடும்போதே ஊளையாக மாறினால்தான் கவலைப்பட வேண்டும். செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகே வண்டி கிளம்புவதும், ஏற்றத்திலும் முந்தும்போதும் பிக்கப் விழுவதும், சூடானால் நின்று ஆறியதும் கிளம்புவதும் அடுத்த அறிகுறிகள். ஆனால் அடைத்த ஃபில்டரும், தேய்ந்த ரிலேயும், துருவேறிய எர்த் இணைப்பும் இதே தொல்லைகளைக் கொடுக்கும். அழுத்தத்தை அளக்காமலே பம்பைக் கழற்றும் வழக்கத்தால் நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன, விலை குறைந்த போலிகள் அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன. கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். பம்பை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் கேஜ் மாட்டி அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.