பிள்ளையோடு கொழும்புக்குப் பொருள் வாங்கச் செல்வோர் எங்கே தங்குவது?

தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் ஆகிய பண்டிகைகளை ஒட்டியும் பாடசாலை விடுமுறைக் காலங்களிலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பல குடும்பங்கள் கொழும்புக்குப் பொருள் வாங்க வருகின்றன. எந்தத் தெருவிலே புடவை மலிவு, எந்தக் கடையிலே நகை நயம் என்பன பற்றிப் பல நாட்களுக்கு முன்னரே வீட்டில் ஆராய்ச்சி நடைபெறும். எங்கே தங்குவது என்ற வினா மாத்திரம் பயணத்துக்கு முதல் நாள் வரையில் எழுவதில்லை. எழுந்தாலும், "இரண்டு இரவுதானே, எங்காவது தலை சாய்த்தாற் போதும்" என்பதே வழக்கமான விடையாக இருக்கும். பெரியவர் இருவர் மட்டும் செல்வதாயின் அவ்விடை ஒருவாறு பொருந்தலாம். பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளை ஒன்று உடன் வருமாயின் அது பொருந்தாது.

இவ்வயதின் இயல்பை முதலில் நோக்குவோம். பழைய பாட்டியல் மரபு பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுக்கின்றது. பேதைப் பருவம் 5 முதல் 7 வயது வரை. பெதும்பைப் பருவம் 8 முதல் 11 வரை. மங்கைப் பருவமோ 12, 13 ஆகிய இரண்டே ஆண்டுகள். பின்வரும் பருவங்களுக்கு ஆறும் அதற்கு மேலும் ஆண்டுகளை ஒதுக்கிய நம் முன்னோர், இவ்விடத்தில் இரண்டு ஆண்டுகளைத் தனியே பிரித்து வைத்தனர். உடலும் உள்ளமும் விரைந்து மாறும் காலம் இதுவென அவர்கள் கண்டிருந்தனர் போலும். ஆண்பிள்ளைகளுக்கும் இது பெரும்பாலும் ஒக்கும்.

இப்பருவத்துப் பிள்ளை தூக்கிச் செல்லும் வயதைக் கடந்துவிட்டது. அறையிலே தனியே விட்டுச் செல்லும் வயதை இன்னும் எட்டவில்லை. நான்கு மணி நேரம் கடைத்தெருவில் நடந்தாற் கால் நோகும். நோகின்றது என்று சொல்ல வெட்கப்படும். சொல்லப்படாத களைப்பு சினமாக வெளிப்படும். எடுத்துக் காட்டும் ஒவ்வோர் உடுப்புக்கும் முகத்தைத் திருப்புகின்ற பிள்ளையைப் பிடிவாதக்காரப் பிள்ளை என்று பெற்றோர் கடிந்துகொள்வர். பல வேளைகளில் அது பசித்த பிள்ளையாகவோ முதல் நாள் இரவு உறங்காத பிள்ளையாகவோ இருக்கும். எனவே, நடுப்பகலில் திரும்பி வந்து இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுக்கக்கூடிய இடமாகத் தங்குமிடம் அமைதல் வேண்டும். கடைக்கு அண்மை, வாடகை, வசதி ஆகிய ஏனையவை இதற்குப் பின்னரே எண்ணப்பட வேண்டியவை.

இவ்வளவு கொண்டு கொழும்பின் பகுதிகளை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

புறக்கோட்டையே பொருள் வாங்குவோரின் முதல் நாட்டம். கோட்டைப் புகையிரத நிலையமும் மத்திய பஸ் நிலையமும் அங்கேயே உள்ளன. இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக் கடைகள், செட்டியார் தெருவில் நகைக் கடைகள், கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் பலவகைச் சாமான்கள் என அனைத்தும் நடை தூரத்தில் அமைந்திருக்கின்றன. அறையிலிருந்து இறங்கினாற் கடை என்பது பெரிய வசதியாகத் தோன்றும். ஆயினும் புறக்கோட்டை வணிகத்துக்காகவே அமைந்த இடம். விடியுமுன் சுமை வண்டிகளின் இரைச்சல் தொடங்கிவிடும்; கடைகள் அடைத்தபின் தெருக்கள் வெறிச்சோடும். அங்குள்ள மலிவான அறைகள் பெரும்பாலும் தனியே வந்து போகும் வியாபாரிகளுக்கென ஏற்பட்டவை. குளியலறை பொதுவாக இருப்பதும் உண்டு. மாலை ஆறு மணிக்குப் பின்னர் பிள்ளைக்கு அங்கே பார்க்கவும் நடக்கவும் ஒன்றும் இராது. ஆகவே புறக்கோட்டை பொருள் வாங்குவதற்கு உரிய இடம். பிள்ளையோடு இராத் தங்குதற்கு அத்துணை உரியதன்று.

அதற்கு அடுத்திருப்பது கொட்டாஞ்சேனை. தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதி. பொன்னம்பலவாணேசர் கோயிலும் சாந்த லூசியா பேராலயமும் அண்மையில் உள்ளன. முச்சக்கர வண்டியிற் சிறிது நேரத்தில் புறக்கோட்டையை அடையலாம். உறவினரோ அறிமுகமானவரோ இருப்பின் நல்ல இடமே. ஆனால் வழி குறுகலானது. நெரிசல் வேளைகளிற் சிறு தூரமும் நீண்டுவிடும். புகையிரத நிலையமும் அங்கே இல்லை.

வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தெற்கே கடலோரமாக அமைந்தவை. புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை ஏழெட்டுக் கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. தூரம் என்று பலர் தயங்குவர். ஆயினும் கோட்டையிலிருந்து புறப்படும் கரையோரப் புகையிரதம் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய நிலையங்களில் நின்று செல்கின்றது. கொள்ளுப்பிட்டி தொடக்கம் வழி நெடுகக் கடல் தெரியும். பெரியவர்க்குப் பயணமாக இருப்பது பிள்ளைக்கு உல்லாசமாகிவிடும். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ் வண்டிகளும் ஓடுகின்றன. வெள்ளவத்தைக் காலி வீதியிலேயே புடவைக் கடைகள், சைவ உணவுச்சாலைகள், தமிழ்ப் புத்தகசாலைகள் உள்ளன. நாள் வாடகைக்குக் கிடைக்கும் அடுக்குமாடி வீடுகளும் அங்குண்டு. அவற்றிற் சமையலறை இருப்பதால், காலையிற் பாலும் இடியப்பமும் கொடுத்துப் பிள்ளையை அழைத்துச் செல்ல முடியும்.

இங்கே தங்குவோர் நேரத்தை அறிந்து பயணஞ் செய்தல் அவசியம். காலையில் அலுவலகம் செல்வோர் கோட்டையை நோக்கியும், மாலையில் வீடு திரும்புவோர் தெற்கு நோக்கியும் புகையிரதங்களை நிறைத்துவிடுவர். ஆதலின் காலை ஒன்பது மணிக்குப் பின்னர் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணியளவிலே திரும்பிவிடுதல் நன்று. சாமான் பொதிகளுடன் மாலைப் புகையிரதத்தில் ஏறுதல் பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெரியவர்க்கும் துன்பமே.

கொள்ளுப்பிட்டியும் காலிமுகமும் பெரிய ஹோட்டல்களுக்கும் குளிரூட்டிய விற்பனை நிலையங்களுக்கும் பெயர் பெற்றவை. வசதிக்குக் குறைவில்லை, வாடகையோ நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. உடுப்புக்கென ஒதுக்கிய பணம் அறைக்கே செலவாகிவிடுமாயின் வந்த காரியம் கெடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டுமல்லவா? காலிமுகத்திடலை அனுபவிப்பதற்கு அங்கே தங்க வேண்டுமென்பதில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவு செய்வித்த அந்த நடைபாதையிலே ஒரு கல் நாட்டப்பட்டுள்ளது. கொழும்பு நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைப் பேணும்படி, பின்வரும் தேசாதிபதிகளை அக்கல்லின் வாசகம் வேண்டுகின்றது. பொருள் வாங்கும் பயணத்திலே ஒரு மாலைப் பொழுதை அத்திடலிற் பிள்ளைக்கு அளித்தல் அந்த வேண்டுகோளுக்கு இசைந்த செயலாகும்.

உறவினர் வீட்டிலே தங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நமது மரபு, செலவுமில்லை, துணையுமுண்டு. ஆயினும் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றனர் பெரியோர். கொழும்பு வீடுகளிற் பல சிறியவை. இரவிற் கூடத்திலே பாய் விரித்துப் படுக்கவேண்டிய நிலையில், ஐந்து வயதுக் குழந்தை மகிழ்ந்து உறங்கும். பன்னிரண்டு வயது மகள் கூசுவாள். உடை மாற்ற ஒரு மூலையும் தாழிடக்கூடிய ஒரு கதவும் அவளுக்கு வேண்டும். முதன்முறை பூப்படைதல் பயணத்தின்போதே நேர்ந்துவிடுவதும் உண்டு. அதற்கு வேண்டியவற்றைத் தாய் பெட்டியில் எடுத்து வைப்பதும், அதைப் பற்றி மகளுக்கு முன்னரே பதற்றமின்றிச் சொல்லி வைப்பதும் அறிவுடைமை. உறவினர் வீடாயினும் வாடகை அறையாயினும், தாழிடக்கூடிய தனிக் குளியலறை உண்டா என்பதைக் கேட்டறிய எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வாடகை அறை என முடிவு செய்தபின் தொலைபேசியிற் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு.

முதலாவது, அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும்? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் வருவோர் விடியுமுன்னே வந்து இறங்குவர். பல தங்குமிடங்களோ நண்பகலுக்குப் பின்னரே அறையைத் தரும். இடைப்பட்ட எட்டு மணி நேரம் உறக்கமற்ற பிள்ளையோடு தெருவிலே கழிப்பதைக் காட்டிலும், முற்கூட்டியே அறை தருவார்களா, அதற்கு மேலதிகக் கட்டணம் எவ்வளவு, அன்றேல் பெட்டிகளையேனும் வைத்து முகங்கழுவ இடந்தருவார்களா என்று கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, சொல்லும் தொகை முழுத்தொகையா? பல ஹோட்டல்கள் வாடகையோடு 10 வீதச் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கின்றன. வரிக்குப் பதிவு செய்த இடமாயின் பெறுமதி சேர் வரியும் உண்டு. 2024 ஜனவரியில் அது 18 வீதமாக உயர்த்தப்பட்டது. 10,000 ரூபா அறை சேவைக் கட்டணத்தோடு 11,000 ஆகும். அத்தொகைக்கு 18 வீத வரி சேர 12,980 ரூபா ஆகிவிடும். இரண்டு இரவுக்கு மேலதிகம் 5,960 ரூபா. ஒரு பிள்ளையின் உடுப்புச் செலவிற் கணிசமான பகுதி இது.

மூன்றாவது, பிள்ளைக்குத் தனிக் கட்டில் உண்டா, கட்டணம் எவ்வளவு? பல ஹோட்டல்களிலே 12 வயது நிறைந்தவர் பெரியவராகவே கணக்கிடப்படுவர். இங்கேதான் ஒரு சோதனை எழுகின்றது. பன்னிரண்டு வயது மகளைப் பதினொன்று என்று சொன்னால் ஆயிரமோ இரண்டாயிரமோ மிஞ்சும். எழுத்தர் கேட்கும்போது தந்தை சொல்லும் விடையை அருகில் நின்று மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். பாடசாலையிலும் வீட்டிலும் வாய்மை பற்றி அவளுக்குப் புகட்டிய பாடங்கள் அந்த ஒரு விடையிலே அளக்கப்படும். மிச்சம் பிடித்த பணத்தின் கணக்கு ஊர் திரும்புமுன் மறந்துவிடும். கேட்ட பொய்யை அவள் மறவாள். கட்டணம் அதிகமெனின் மலிவான வேறிடத்தைத் தேடலாம். வயதைக் குறைத்தல் ஆகாது. தேசிய அடையாள அட்டை பெறும் வயதை எட்டாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கையில் வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் உதவும்.

நான்காவது, அது உண்மையிலே தங்குமிடந்தானா? நம் நாட்டிலே ஹோட்டல் என்றும் லொட்ஜ் என்றும் பெயர்ப்பலகை தாங்கிய இடங்கள் பல வெறும் உணவுச்சாலைகளே. இணையத்திலே படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவோரும், முகவரியை அறிந்த ஒருவரிடம் விசாரித்த பின்னர் அனுப்புதல் பாதுகாப்பானது.

நாளைத் தெரிதலும் தங்குமிடத்தோடு தொடர்புடையதே. புறக்கோட்டையிற் பல கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் அடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலிலே முஸ்லிம் வர்த்தகர்களின் கடைகள் தொழுகைக்காகச் சிறிது நேரம் மூடப்படும். ஆடிவேல் விழாக் காலத்திலே செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும் நாளில் அவ்வழிகளிற் பொருள் வாங்குதல் அரிது. தரிசனத்துக்கோ அதைவிட நல்ல நாளில்லை. இவற்றை நாட்காட்டியிற் பார்த்துக்கொள்ளாதவர்கள், கடை திறவாத நாளுக்கும் அறை வாடகை கொடுக்க நேரிடும்.

இத்தனையும் பெற்றோரின் பொறுப்பு. ஆயினும் பிள்ளைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெற்றோர் தாம் ஆராய்ந்து தகுதியானவை எனக் கண்ட இரண்டு இடங்களைப் பிள்ளையின் முன் வைத்து, இவற்றுள் எது நல்லது, ஏன் என்று கேட்கலாம். ஒன்று கடலுக்கு அருகில். மற்றொன்று வாடகை குறைவு, மிஞ்சும் பணத்தில் ஒரு புத்தகம் வாங்கலாம். எதைத் தெரிந்தாலும் பெற்றோர்க்கு இழப்பில்லை. ஒன்றை விரும்பினால் மற்றொன்றை விடவேண்டும் என்பதைப் பிள்ளை அப்பொழுது தானே உணரும். கடையிலே அளவற்றுக் கேட்கும் பிள்ளையை அடக்குவதற்கு அதட்டலைவிட இவ்வுணர்வு வலியது.

தெரிந்துகொண்ட தங்குமிடத்தின் பெயர், தெரு, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பிள்ளையே தன் கையால் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். கூட்டத்திற் பிரிய நேர்ந்தால் எங்கே நின்று காத்திருப்பது என்பதையும் முன்னரே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். புறக்கோட்டையில் அதற்கேற்ற அடையாளங்கள் உள்ளன. இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாக உயர்ந்து நிற்கும் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. எந்தப் பிள்ளையும் அதனை மறவாது. பொலிசாரின் அவசர இலக்கம் 119. சிறுவர் உதவிக்கான இலக்கம் 1929. இவ்விரண்டையும் பிள்ளை மனப்பாடஞ் செய்வது நன்று.

வாங்கி வந்த சட்டை அடுத்த ஆண்டிலே குட்டையாகிவிடும். வளரும் பிள்ளைக்கு அது இயற்கை. பிள்ளையின் களைப்பை மதித்து, கூச்சத்தை மதித்து, கருத்தையும் கேட்டு நடத்திய பயணத்தின் பயன் அவ்வாறு குறைந்துபோவதன்று. அத்தகைய பயணத்துக்கு அடிப்படை, புறப்படுமுன் ஒரு மாலையிலே பெற்றோரும் பிள்ளையும் கூடியிருந்து தங்குமிடத்தைத் தீர்மானிப்பதாகும். கடைகளின் பட்டியலை அதற்குப் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.