யானையைத் தெரிந்த பிள்ளை ஏன் தப்பு விடை எழுதுகிறது?

நீலகிரி மாவட்டத்தின் கூடலூரிலிருந்து ஸ்ரீமதுரை போகும் பேருந்தில் மூன்று நான்கு மொழிகள் காதில் விழும். வயநாடன் செட்டிகளின் பேச்சு, மலையாளம், தமிழ், பின் சீட்டில் பணியர் மொழி. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என வளர்கிற பிள்ளைக்கு, பிளஸ் டூ நெருங்கும்போது இன்னொன்றும் வந்து சேர்கிறது. அது நுழைவுத்தேர்வு ஆங்கிலம்.

அதன் கெட்டியான வடிவம் கிளாட். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்வதற்கான தேர்வு அது. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல். (டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். அதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்து சட்டத்தையே விட்டுவிட வேண்டாம்.) 2020 முதல் கிளாட்டின் முகம் மாறிவிட்டது. பொது அறிவு, சட்டம், தர்க்கம் எதுவானாலும் முதலில் ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். இப்போது 120 நிமிடம், 120 கேள்வி. தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். பத்திகள் பெரும்பாலும் 450 சொல் அளவில் இருக்கும். கூட்டிப் பார்த்தால் கேள்விகளைச் சேர்க்காமலே எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொல் தேறும் என்பது என் கணக்கு. நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு ஒன்பதாயிரம் சொல்லுக்கே ஒரு மணி நேரம் போய்விடும். 200 சொல் படிப்பவருக்கு முக்கால் மணி. இடையில் மிஞ்சும் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பயிற்சி மையங்கள், இத்தனை வீடியோக்கள்.

'நிமிடத்துக்கு ஆயிரம் சொல்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. குதித்துக் குதித்துப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறக்குறைய கால் விநாடி நிற்கிறது. கூர்மையாகத் தெரிவது ஏழெட்டு எழுத்துதான். வாசிப்பில் கண்ணசைவை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்த கீத் ரெய்னரும் மற்றவர்களும் எழுதி 2016-ல் வெளியான கட்டுரையின் சாரம், வேகத்தைக் கூட்டினால் புரிதலில் விலை கொடுக்க வேண்டும் என்பதே. ஆங்கிலத்தில் புனைவல்லாத எழுத்தை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரியே நிமிடத்துக்கு 238 சொல் என்று ஆய்வாளர் மார்க் பிரைஸ்பர்ட் 2019-ல் கணக்கிட்டார். அவர்களுக்கே அவ்வளவுதான்.

அப்படியானால் ஒருவர் வேகமாகவும் இன்னொருவர் மெதுவாகவும் படிப்பது எதனால்? ஒரு முக்கியக் காரணம், விஷயம் முன்பே தெரிந்திருப்பது. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-ல் 64 பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயரெடுத்த பிள்ளைகள், ஆட்டம் தெரிந்ததால், புரிதலில் ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைத் தாண்டிவிட்டார்கள். நம் ஊரில் ஐ.பி.எல். செய்தியை எட்டாம் வகுப்புப் பையன் எந்த வேகத்தில் மேய்கிறான் என்று பார்த்தாலே இது தெரியும்.

கிளாட் பத்திகளில் அடிக்கடி தலைகாட்டும் அரசியல் சாசனம், நில உரிமை, வனச் சட்டம் எல்லாம் மலைப்பக்கத்துப் பிள்ளைக்கு அந்நியம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூடலூர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் 'செக்‌ஷன் 17 நிலம்' என்ற பேச்சு வராத நாள் குறைவு. 1969-ம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு அது. அந்தச் சட்டத்தில் ஜன்மக் காடுகளை (பரம்பரை நிலவுடைமையாளர்களின் காடுகளை) அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் சொன்னது. உடனே நாடாளுமன்றம் 1974-ல் 34-வது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை, நீதிமன்றம் கைவைக்காதபடி, அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணைக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டியது. பூட்டியதைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து 11 ஜனவரி 2007 அன்று விடை சொன்னார்கள். 24 ஏப்ரல் 1973-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றார்கள். சட்டம் படிக்கும் எவரும் தாண்ட முடியாத ஐ.ஆர். கோயலோ வழக்கு இதுதான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கும் கூடலூர்க் காடுகள் அழிவதைப் பற்றியதே. 'காடு' என்றால் என்ன என்று நாட்டுக்கே 1996 டிசம்பரில் விளக்கம் கிடைத்தது அதில்தான். டெல்லிப் பிள்ளை மனப்பாடம் செய்யும் இரண்டு வழக்குகள் இந்தப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை.

ஆகவே பயிற்சியை ஆங்கிலத் தலையங்கத்தில் தொடங்காதீர்கள். காலையில் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் படியுங்கள். அதே செய்தியை மாலையில் ஆங்கிலப் பத்திரிகையில் படியுங்கள். விஷயம் மண்டையில் இருக்கும்போது தெரியாத சொல் தானாகவே விலகிக் கொடுக்கும். ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிப் பார்க்கிற பழக்கமும் மெல்லக் கழன்றுவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தெரிந்த விஷயம் வேகம் தரும், ஆனால் காலையும் வாரிவிடும். நானே எழுதிய சிறு பத்தி ஒன்று:

'யானை வயலுக்குள் வருவதற்குக் காட்டில் தீனி குறைந்ததே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். தீனி நிறைந்த ஆண்டுகளிலும் யானைகள் வந்திருக்கின்றன. கதிர் முற்றிய வயலில் குறைந்த நேரத்தில் நிறையச் சாப்பிட்டுவிடலாம். ஆகவே காட்டுக்குள் தீனி வளர்ப்பதால் மட்டும் இது நின்றுவிடாது.'

கேள்வி: கட்டுரையாளர் எதை ஒப்புக்கொள்வார்? (அ) அகழி தூர்ந்துபோனதால் யானை வருகிறது. (ஆ) காட்டில் தீனி குறைந்ததால் வருகிறது. (இ) காட்டில் தீனி வளர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. (ஈ) காட்டில் தீனி இருந்தாலும் யானை வயலுக்கு வரக்கூடும்.

முதுமலை ஓரத்தில் ராத்திரி காவல் இருந்த வீட்டுப் பிள்ளையின் கை நேராக (அ)-வுக்குப் போகும். அகழி தூர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளை அது. ஆனால் பத்தியில் அகழி என்ற சொல்லே இல்லை. (ஆ) பத்தியில் இருக்கிறது, ஆனால் அது 'சிலர்' சொன்னது. (இ) கிட்டத்தட்ட சரிபோலத் தெரியும், 'மட்டும்' என்ற ஒரு சொல்லைக் கவனிக்காதவருக்கு. விடை (ஈ). சென்னைப் பிள்ளை யானையைப் படத்தில்தான் பார்த்திருக்கும், அதனாலேயே பத்தியை ஒழுங்காகப் படித்து (ஈ)-யைத் தொட்டுவிடும். அநியாயம்தான், ஆனால் தேர்வு கேட்பது யானையைப் பற்றி அல்ல, அந்த நாலு வரியைப் பற்றி. படிக்கும்போது நம் அறிவு வேண்டும், விடை குறிக்கும்போது அதை வாசலில் விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் படித்தால் ஒன்லி, அன்லெஸ், ஆல்தோ, ஹவ்எவர் போன்ற பொடிச் சொற்களின் கீழே பென்சிலால் ஒரு கோடு. பெரிய சொற்களில் யாரும் வழுக்குவதில்லை.

அவசரத்தின் விலையையும் எண்ணிப் பார்க்கலாம். ஒருத்தி 100 கேள்விக்கு விடை குறித்து 80 சரி, 20 தப்பு: 80-லிருந்து 5 போக 75. இன்னொருத்தி 80-க்கு மட்டும் குறித்து 76 சரி, 4 தப்பு: ஒன்று போக அவளுக்கும் 75. இரண்டாமவள் முதலாமவளைவிட இருபது கேள்வி குறைவாகத்தான் தொட்டாள். அதனால் முதல் மூன்று மாதம் கடிகாரமே வேண்டாம். தப்பான ஒவ்வொரு விடைக்கும் ஒரு நோட்டில் காரணம் எழுதுங்கள்: பத்தி புரியவில்லையா, கேள்வியில் 'அல்லாதது எது' என்பதைக் கவனிக்கவில்லையா, ஊரில் பார்த்ததை வைத்து எழுதினோமா, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் மாறியதா. பத்து நாளில் நம்முடைய வியாதி எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.

தமிழில் கேள்வித்தாள் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 2018 நீட் ஞாபகம் இருக்கட்டும். தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு. 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கிளாட் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அது நியாயமா என்பது தனிக் கட்டுரைக்கான சண்டை. இந்த டிசம்பரில் எழுதப்போகிற பிள்ளை அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க முடியாது.

ஸ்ரீமதுரை, தேவர்சோலை, பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கோயலோ தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுதும் வேண்டாம், தொடக்கத்தில் சில பக்கங்கள் மட்டும் படித்துப் பாருங்கள். கூடலூர் என்ற பெயர் அங்கேயே வந்துவிடும்.