சனி, ஞாயிறுக்கு இன்னொரு வேலை: தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மாதச் சம்பளத்தில் இருப்பவர் சனி, ஞாயிறுகளில் செய்யக்கூடிய இரண்டாவது வேலை எது என்பதை அவருடைய முதல் வேலைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. முதல் வேலையின் விதிகள் எதை அனுமதிக்கின்றன, வாரத்தில் உண்மையாகவே எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது, செலவும் வரியும் போக என்ன தங்கும்? இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்டால் பல வேலைகள் தாமாகவே கழிந்துவிடும். பள்ளிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இசைப் பல்கலைக்கழகமும் பெரிய மண்டபங்களும் அருகருகே இருக்கும் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அதற்குப் பிறகும் மிஞ்சும் வாய்ப்புகள் குறைவல்ல.

விதிகள் சொல்வது

தனியார் அலுவலக ஊழியர் எல்லாருக்கும் பொருந்தும் பொதுத் தடை எதுவும் மத்தியச் சட்டத்தில் இல்லை. தொழிற்சாலைகளின் நிலை வேறு. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளிலேயே இன்னொன்றிலும் வேலை வாங்குவதை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-வது பிரிவு தடுத்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பும் இரட்டை வேலையைக் கட்டுப்படுத்துகிறது.

மற்றவர்களுக்குப் பணி நியமனக் கடிதமே வேதம். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ அறிவித்தது. இன்ஃபோசிஸ் முதலில் எச்சரித்தது. அடுத்த மாதமே, முன் அனுமதி பெற்றுச் சில வெளிவேலைகளைச் செய்யலாம் என்றது. போட்டி நிறுவனத்துக்கு வேலை பார்ப்பதும் அலுவலக லேப்டாப்பைப் பயன்படுத்துவதும்தான் பெரும்பாலும் வேலைக்கு உலை வைக்கின்றன. பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்தையே சேரும்.

அரசு ஊழியருக்குக் கட்டுப்பாடு அதிகம். மத்திய அரசின் 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளும் தமிழக அரசின் 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளும் அனுமதியின்றி வியாபாரமோ வேறு வேலையோ செய்வதைத் தடுக்கின்றன. ‘ஏஜென்சி மனைவி பெயரில்தானே இருக்கிறது’ என்பதும் எடுபடாது. குடும்பத்தினர் நடத்தும் இன்ஷூரன்ஸ், கமிஷன் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே விதிமீறல் என மத்திய விதி வெளிப்படையாகச் சொல்கிறது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு விலக்கு உண்டு.

கலையை இரண்டாவது வேலையாகக் கொண்டவர்களுக்குத் தென்சென்னையில் நீண்ட வரிசையே இருக்கிறது. சென்னை ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) ஆபீஸ் ஊழியராக இருந்துகொண்டே கே. பாலசந்தர் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’ நாடகங்களை மேடையேற்றினார். 1964-ல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் அரசு ஊழியர்தான். கிரேஸி மோகன் சுந்தரம் கிளேட்டனில் பொறியாளராக இருந்த காலத்தில் நாடகம் எழுதினார். ஆபீஸ் முடிந்து ஒத்திகை, விடுமுறை நாளில் சபா மேடை என்ற ஏற்பாட்டில்தான் மயிலாப்பூரின் அமெச்சூர் நாடகக் குழுக்கள் வளர்ந்தன.

இன்னும் இரண்டு தடைகள் பலருக்குத் தெரிவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் சட்டப் பட்டதாரி, பார் கவுன்சில் விதிப்படி, வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது.

நேரக் கணக்கு

சனி, ஞாயிறு என்றால் 48 மணி நேரம் என்று போடும் கணக்கு முதல் மாதத்திலேயே பொய்த்துவிடும். தூக்கம், வீட்டு வேலை, உறவினர் விசேஷம் போக, ஒரு முழு நாளை ஓய்வுக்கு விட்டால் மிஞ்சுவது ஏழெட்டு மணி நேரம். ஓ.எம்.ஆரில் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கே இந்த நிலை. ஒன்றுவிட்ட சனிக்கிழமை அலுவலகம் போகிறவருக்கு அதிலும் பாதிதான். தி.நகர் ஜவுளிக்கடை ஊழியருக்குச் சனி, ஞாயிறுதான் வியாபாரம் சூடு பிடிக்கும் நாட்கள். அவருடைய வார விடுமுறை இடையில் ஏதோ ஒரு நாளில் வரும். அந்த நாளில் கிடைக்கும் வேலைதான் அவருக்கு ஒத்துவரும்.

எந்த வேலை, எவ்வளவு நேரம்

நேரம் வரையறுக்கப்பட்ட வேலைகளே முழுநேர ஊழியருக்குப் பாதுகாப்பானவை. டியூஷன், பாட்டு, வீணை, பரதநாட்டிய வகுப்புகள் இந்த வகை. கிரீன்வேஸ் சாலையில் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் இருப்பதால் முறையாகக் கற்றவர்களும் கற்க விரும்புவோரும் இப்பகுதியில் உண்டு. வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கற்பிப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு எட்டரை மணி வகுப்பு இங்கே ஞாயிறு காலை ஆறு மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் ஏழு மணியாகிவிடும். டியூஷனுக்கு இன்னொரு குறை உண்டு: பொதுத்தேர்வு முடிந்ததும் வருமானம் நின்றுவிடும்.

பருவத்தைப் பொறுத்தவை கல்யாண வேலைகள். எம்.ஆர்.சி. நகர் மண்டபங்கள் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் போட்டோ, வீடியோ, அலங்காரம், வரவேற்பு எனப் பல வேலைகள் கிடைக்கும். ஆனால், முகூர்த்தம் வார நாளிலும் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் அரிது.

ஆப் வழி டெலிவரியில் நினைத்த நேரத்தில் லாக்-இன் செய்யலாம். தமிழக அரசு 2023-ல் இத்தொழிலாளர்களுக்கென நலவாரியமும் அமைத்தது. சொந்த பைக்கின் இன்ஷூரன்ஸ் பாலிசி வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்துமா என்பதை விபத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு எழுதுதல், ஜி.எஸ்.டி. தாக்கல், மொழிபெயர்ப்பு, டிசைன் போன்ற மேசை வேலைகளுக்கு அலைச்சல் இல்லை. ஆனால், வாடிக்கையாளரின் கெடு வார நாட்களிலும் துரத்தும்.

மிஞ்சுவது எவ்வளவு

ஒரு கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் 15,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம் எனப் 12 மணி நேரம். படங்களைத் தேர்ந்தெடுத்து, நிறம் சரிசெய்து, ஆல்பத்துக்கு அனுப்ப இன்னும் 20 மணி நேரம். லென்ஸ் வாடகை, பயணம், உதவியாளுக்கு 3,000 ரூபாய். ஆக 32 மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், மணிக்கு 375.

அடுத்த தெருவில் நான்கு மாணவர்களுக்குத் தலா 2,000 ரூபாய்க்கு டியூஷன் எடுப்பவருக்கு மாதம் 8,000 கிடைக்கும். 12 மணி நேர வகுப்பு, 4 மணி நேரத் தயாரிப்பு என்றால் மணிக்கு 500. தொகை சிறிதாகத் தெரிந்தாலும் மணிக்குக் கையில் நிற்பது இதில்தான் அதிகம்.

வரியும் பதிவும்

இந்த வருமானம் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். சம்பளக்காரர்களுக்கான எளிய ஐ.டி.ஆர்-1 படிவம் தொழில் வருமானத்துக்குப் பொருந்தாது, ஐ.டி.ஆர்-3 அல்லது 4 வேண்டும். சம்பளம் மட்டும் வாங்குபவர் பழைய, புதிய வரி முறைகளை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால், பழைய முறைக்குப் போய்த் திரும்புவது ஒருமுறைதான். டி.டி.எஸ். போக ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. வீட்டில் சமைத்து விற்பவருக்கு, தொகை எவ்வளவு சிறிதானாலும், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் அவசியம்.

இரண்டாவது இடத்தில் ஊழியராகவே சேர்ந்தால், பி.எஃப். பணம் ஒரே யு.ஏ.என். எண்ணில் விழுந்து இரண்டு நிறுவனங்களுக்கும் தெரியவரலாம். மறைத்துச் செய்வது நெடுநாள் ஓடாது என்பதால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவதே மேல்.

மோசடிகள்

முன்பணம் கேட்கும் வேலை வேலையே அல்ல. வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் தொடங்கி, முதலில் சில நூறு ரூபாயைக் கொடுத்து, பிறகு ‘டாஸ்க்’குக்காகப் பெரிய தொகையைக் கட்டச் சொல்வது வழக்கமான வலை. கமிஷனுக்காக வங்கிக் கணக்கை இரவல் கொடுப்பவர் தாமே வழக்கில் சிக்குவார். ஏமாந்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

தொடங்குவதும் நிறுத்துவதும்

மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பது போதுமானது. அதற்குள் புதிய கேமரா, ஸ்கூட்டர் என்று கடன் வாங்காமல், இருப்பதை வைத்தே தொடங்கலாம். ஒவ்வொரு வாரமும் செலவான நேரத்தையும் கைக்கு வந்த தொகையையும் குறித்து வந்தால் மணிக்கான கூலி தெரிந்துவிடும். திங்கட்கிழமை வேலையில் தவறுகள் கூடினாலோ, இரண்டாவது வேலைக்காக முதல் வேலையில் லீவு போட வேண்டி வந்தாலோ, வேலையைக் குறைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இரண்டாவது வருமானம் பழைய கடனை அடைக்கவா, புதுத் தொழிலுக்கு முதலாகவா என்பதை முதலிலேயே தீர்மானித்திருந்தால், எப்போது நிறுத்துவது என்பதும் தெளிவாகிவிடும்.