லால்பாக்கில் ஒரு கிழட்டுப் பாறை

பெங்களூரு லால்பாக்குக்கு எல்லோரும் பூ பார்க்கத்தான் போவார்கள். 1760-இல் ஹைதர் அலி போட்ட தோட்டம். மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். கண்ணாடி மாளிகை, மலர்க் கண்காட்சி எல்லாம் அழகுதான். ஆனால் நான் போனால் நேராக அந்தப் பெரிய பாறைமேல் ஏறிவிடுவேன். உச்சியில் கெம்பே கௌடா கோபுரம் நிற்கும். அதுவரை போக வேண்டாம். பாதி ஏறியதும் உட்கார்ந்து, குனிந்து பாருங்கள்.

சாம்பல் நிறக் கல்லில் வெள்ளை வரியும் கறுப்பு வரியும் மாறி மாறி ஓடும். ஓரிடத்தில் நேராக, இன்னோரிடத்தில் முறுக்குப் பிழிந்த மாதிரி நெளிந்து. வெள்ளையாக இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கறுப்பில் மினுங்குவது மைக்கா. இந்த வகைப் பாறைக்கு ‘நைஸ்’ என்று பெயர். (“தொட்டால் சொரசொரன்னு இருக்கே, சித்தப்பா!” என்றாள் என் அண்ணன் மகள்.) பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பழைய பாறை பிசைந்த மாவாக இளகியது. அப்போது தாதுக்கள் வரிவரியாக ஒதுங்கின. மேலே கிடந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோன பிறகே இது வெளியே தலைகாட்டியது.

வயது சுமார் 300 கோடி ஆண்டு. யார் எண்ணினார்கள் என்கிறீர்களா? இப்படிப்பட்ட பாறைகளில் சிர்கான் என்ற பொடிப் படிகம் இருக்கும். அதில் சிக்கிய யுரேனியம் சிறிது சிறிதாகக் காரீயமாக மாறும். அந்த வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

300 கோடி என்றால் மனதில் பிடிபடாது. நடந்து பார்ப்போம். ஒரு தப்படிக்குப் பத்து லட்சம் ஆண்டு, பின்னோக்கி நடங்கள். 20-ஆவது தப்படியில் ஒரு மரம். அது இப்போது கல்லாகி, இதே தோட்டத்தில்தான் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. 66-இல் டைனோசர்கள் அழிகின்றன. பாறை பிறந்த நாளைத் தொட 3,000 தப்படி போக வேண்டும்.

ஹைதர் அலி தோட்டம் போட்ட காலம்? முதல் தப்படிக்குக் காலைத் தூக்கவே வேண்டாம். இரண்டு தலைமுடி கனம் நகர்ந்தால் வந்துவிடும்.

போகும்போது ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் பாறை சுடும்.