குப்பனூர் இறக்கம்

மலைச் சைக்கிளைப் பற்றி, படிப்பவர்களுக்கு உற்சாகம் பிறக்கும்படியாக ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதன்பேரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குப்பனூர்ச் சோதனைச் சாவடிக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். அயோத்தியாப்பட்டணத்துப் பக்கத்திலிருந்து மூன்று பேரும் நான்கு பேருமாக வந்த இளைஞர்கள், தண்ணீர் குடித்து, கியரைக் குறைத்துக்கொண்டு, கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஒவ்வொருவராக மறைந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பெரிய பாதையைவிட இதில் வாகன நெருக்கடி குறைவு என்பதே அவர்கள் சொன்ன காரணம். மேலே போய்விட்டால் காபித் தோட்டங்களுக்கு நடுவே 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலையும் இருக்கிறது. அதன் அழகைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

அவர்களுடைய சம்பாஷணையைக் காது கொடுத்துக் கேட்டதில் கியர் எத்தனை, முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் எப்படி, டயர் எவ்வளவு தடிமன் என்ற விசாரணைகளே நிறைந்திருந்தனவேயொழிய, பிரேக் என்ற வார்த்தை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் வித்தியாசம். வண்டியும் ஆளுமாக 85 கிலோ எடையுள்ள ஒரு பாரம் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எதிர்க்காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமுள்ள அத்தனை உஷ்ணத்தையும் தாங்க வேண்டியவை விரல் நீளமுள்ள நாலு ரப்பர்க் கட்டைகள், அல்லது அவற்றினும் சிறிய டிஸ்க் பிரேக் பேடுகள்.

இந்த வாகனத்தின் பூர்வீகமே பிரேக்கின் அவஸ்தையில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1976-ல் பழைய தடிச் சக்கர சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய், மண் பாதையில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டபோது, பின் சக்கரத்து ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் முழுவதும் புகையாய்ப் போய்விட, ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடைப்பது’, என்று பெயர் நிலைத்துவிட்டது. இருபது வருஷத்தில், 1996-ல், அதே ஜாதி வண்டி அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஓடியது.

பத்து மணி சுமாருக்கு இறங்கிவந்த ஒரு பையன் டீக்கடை ஓரமாக வண்டியைச் சாய்த்துவிட்டு, சிறு குப்பியிலிருந்து எண்ணெயை டிஸ்க்கின்மேல் விடப்போனான். பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சத்தம் வருதுங்கண்ணா, அதான்.”

“எண்ணெ விட்டா சத்தம் நிக்கும் தம்பி, வண்டி நிக்காது.”

பிறகு அவரே சக்கரத்தைக் கழற்றிப் பேடுகளை எடுத்துக் காட்டினார். முன் பேடு புதிதாக இருந்தது. பின் பேடோ தேய்ந்து, கண்ணாடிபோல் பளபளத்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்ற பயத்தினால், வழி முழுவதும் பின் பிரேக்கையே விடாமல் அழுத்திக்கொண்டு வந்திருக்கிறான். பளபளப்பை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்து, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவு தாண்டியதும் விட்டு ஆறவிட வேண்டும் என்று அவர் சொன்னதை, இவ்விஷயத்தில் நான் கேட்ட உபதேசங்களில் தலையாயதாகக் கருதுகிறேன். ரிம்மில் கட்டை பிடிக்கும் வண்டியானால், ஓயாத உராய்வில் ரிம் சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு.

மற்றப் பராமரிப்பெல்லாம் எளிது. புதுச் செயினில் ஓர் அடிக்கோலை ஒரு பின்னிலிருந்து வைத்தால் 12 அங்குலத்தில் சரியாக மற்றொரு பின் நிற்கும். அது வீசம் அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றலாம், அரைக்கால் அங்குலம் தள்ளியபின் மாற்றினால் பல்சக்கரத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும். கோட்டம் எடுக்கவும் பால்ரஸ் மாற்றவும் கிராமத்துக் கடையே போதும். டிஸ்க் பேடு மட்டும் வண்டிக்கு வண்டி வேறு வடிவம். குப்பனூரில் தேய்ந்தால் சேலத்துக்குத்தான் போக வேண்டும். ஆகையால், விலை உயர்ந்த வண்டியை வாங்கியவர் இரண்டு ஜோடி பேடுகளைப் பையில் போட்டுக்கொள்ளாமல் புறப்படுவது அசட்டுத்தனம். ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியாதா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

சாவடியில் பிளாஸ்டிக் பைகளைத் தேடிப் பரிசோதிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்: ஏறப்போகும் சைக்கிள்களின் இரண்டு பிரேக் லீவர்களையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்து அனுப்புங்கள். அரை நிமிஷம் ஆகாது.