முகத்துக்குப் பூசினேன், கழுத்தை மறந்தேன்!



நான் அம்பத்தூரில் வசிக்கும் இல்லத்தரசி. பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. அழகுக்கலை கோர்ஸ் எதுவும் படித்ததில்லை. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும், "மேக்கப்புக்கு அத்தையைக் கூப்பிடு" என்பார்கள். கைராசி என்று நினைத்து விடாதீர்கள், எல்லாம் காசுதான் காரணம். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு பியூட்டி பார்லரில் கேட்கிற பணத்தில் எங்கள் வீட்டு ஒரு மாச மளிகை வந்து விடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் நாத்தனாரின் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். திருமுல்லைவாயலில் ஒரு சின்ன மண்டபம். பெண் நல்ல மாநிறம், களையான முகம். அதற்கே நான் திருப்திப்பட்டிருக்க வேண்டும். "பளிச்சுனு தெரியணும்" என்ற ஆசையில், அவள் நிறத்தை விட ரெண்டு படி வெளுப்பான பவுண்டேஷனை வாங்கினேன். பவுடர் டப்பாவோடு வந்த பழைய பஃபை எடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக இழுத்துப் பூசி விட்டேன். டியூப்லைட்டில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

மேடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. வேர்வை இறங்க ஆரம்பித்ததும் மூக்கோரத்தில் திட்டுத் திட்டாக வெடித்து விட்டது. நெற்றியில் கோடு. முகம் சாம்பல் பூத்தது போல, கழுத்து அதன் சொந்த நிறத்தில். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா, "என்னம்மா இது, முகம் ஒரு கலரு, கழுத்து ஒரு கலரு? பொண்ணு நிஜத்துல எந்தக் கலரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, நான் போய் கழுவிட்டு வந்துடட்டுமா?" என்றாள். தட்டு மாற்றுகிற நேரம், எங்கே போய் கழுவுவது? அந்த ஆல்பத்தை அவள் இன்று வரை யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. விலை குறைந்த சாமான் வாங்கியதால்தான் இப்படி ஆனது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மத்தியான நேரங்களில் என் முகத்திலேயே போட்டுப் போட்டுப் பார்த்ததில்தான் தெரிந்தது, தப்பு விலையில் இல்லை, என் கையில் இருந்தது. நான் கற்றுக் கொண்டதைத் தோழிகளுக்கும் சொல்லி விடுகிறேன்.

முதலில் ஸ்பாஞ்சு. பாரிமுனைப் பக்கம் ஃபேன்ஸி சாமான் கடைகளில் முக்கோணமாக வெட்டின ஸ்பாஞ்சு பாக்கெட்டாகக் கிடைக்கும். நம்ம ஏரியா ஃபேன்ஸி ஸ்டோரிலும் இருக்கிறது. விரலால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய், விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய ஓட்டைகள் இருந்தால் வேண்டாம். மெத்தைக் கடையில் கிடைக்கிற ஸ்பாஞ்சை வெட்டி உபயோகிக்கலாமே என்று நானும் சிக்கனம் பார்த்தேன். அது சொரசொரப்பு, முகத்தில் புள்ளி புள்ளியாகத் தடம் விழுகிறது.

ஸ்பாஞ்சை அப்படியே காய்ந்தபடி உபயோகிக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு துண்டில் சுருட்டி இன்னொரு முறை அழுத்த வேண்டும். ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. ஏற்கெனவே தண்ணீர் குடித்த ஸ்பாஞ்சு பவுண்டேஷனை அதிகம் குடிக்காது. மேக்கப்பும் மெல்லிசாகப் படியும், சாமானும் மிச்சம்.

இது புதுசாக வந்த விஷயமும் இல்லை. என் நாத்தனாரின் சின்னப் பெண் பிளஸ் டூ சி.பி.எஸ்.இ.யில் படித்தபோது, ஆங்கிலப் புத்தகத்தில் எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவைப் பற்றி எழுதின பாடம் ஒன்று இருந்தது. 'பொயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்று பெயர். அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். பேன்கேக் என்பது 1930-களின் கடைசியில் ஹாலிவுட் கலர் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் கம்பெனி கொண்டு வந்த மேக்கப். கட்டியாக இருக்கும் அதை ஈர ஸ்பாஞ்சால் தொட்டுத்தான் பூசுவார்கள். ஜெமினியில் லாரி கணக்கில் வாங்குவார்களாம். கூட்டமாக வருகிற துணை நடிகர்களுக்கு ஒருத்தர் பெரிய பாத்திரத்தில் கலக்கி அப்பி விடுவாராம், முகத்தில் ஒரு துவாரம் விடாமல்! "அத்தை, அக்கா நிச்சயதார்த்தத்துல நீங்க செஞ்சது அதேதான்" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் உண்மைதானே.

இப்போது கடையில் முட்டை வடிவத்தில் ஸ்பாஞ்சு தொங்குகிறது பாருங்கள், அதை 2003-ல் அமெரிக்காவில் ரியா ஆன் சில்வா என்ற மேக்கப் கலைஞர் கொண்டு வந்தாராம். ஸ்பாஞ்சின் கூர் முனை முகத்தில் கோடு போடுகிறது என்று வெட்டி வெட்டி உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. அசல் வாங்க நம்மால் முடியாது. அந்த யோசனையை எடுத்துக் கொள்ளலாமே! நான் முக்கோண ஸ்பாஞ்சின் முனைகளைக் கத்தரியால் வட்டமாகக் கத்தரித்து விடுகிறேன்.

அடுத்து, பூசுகிற விதம். இழுக்கவே கூடாது. குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாக ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். மூக்கு, கன்னம் என்று நடுவில் ஆரம்பித்து ஓரமாகப் போக வேண்டும். காதுப் பக்கம் போகப் போக மெல்லிசாகி, கழுத்தோடு கலந்து விட வேண்டும். ஒரே தடவையில் தடியாக வேண்டாம். மெல்லிசாக ஒரு தடவை, தேவைப்படுகிற இடத்தில் மட்டும் இன்னொரு தடவை. கண்ணுக்குக் கீழே மோதிர விரலே போதும். அந்த விரலில்தான் அழுத்தம் குறைவு.

பவுடரை பஃபில் தொட்டு, பஃபை ரெண்டாக மடித்துக் கசக்கி உள்ளே இறக்கி, முகத்தில் அழுத்தி அழுத்தி எடுங்கள். மிச்சத்தைப் பெரிய பிரஷ்ஷால் லேசாகத் தட்டி விடலாம். பிரஷ் வாங்கும்போது உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். குத்தினாலோ முடி உதிர்ந்தாலோ வாங்காதீர்கள். நம்ம ஊர் வேர்வைக்கு இன்னொன்று. முகம் நனைந்தால் அதன் மேலேயே பவுடர் போடாதீர்கள், திட்டு விழுவது அங்கேதான். பழைய மெல்லிய காட்டன் துணியால் ஒற்றி எடுத்த பிறகு போடுங்கள்.

நிறம் பார்ப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். கையில் தடவிப் பார்க்காமல், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவினது தெரியாமல் மறைந்தால் அதுதான் உங்கள் நிறம். புதுசாக வாங்கினதை விசேஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே காதுக்குப் பின்னால் தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்றும் பார்த்து விடுங்கள்.

கடைசியாகச் சொல்வதைத் தயவு செய்து அலட்சியம் செய்யாதீர்கள். அதே பெண்ணின் கல்யாணத்துக்கு பார்லரில் இருந்து ஒருவர் வந்தார். ஒரே ஸ்பாஞ்சால் பெண்ணுக்கும் போட்டு, வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் போட்டார். மூன்றாம் நாள் என் மகளுக்குக் கண் சிவந்து, காலையில் இமை ஒட்டிக் கொண்டு திறக்க முடியவில்லை. 'மெட்ராஸ் ஐ' என்றார் டாக்டர். கல்யாணக் கூட்டத்தில் யாரிடமிருந்து ஒட்டியதோ, ஸ்பாஞ்சுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டவல், கண் மை, முகத்துக்குப் போடுகிற ஸ்பாஞ்சு எதையும் அடுத்தவரோடு பங்கு போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பரீட்சை நேரத்தில் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் குழந்தை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு முகத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு. உபயோகித்ததும் சோப்புப் போட்டு, பிழிகிற தண்ணீர் தெளிவாக வரும் வரை கசக்கிக் கழுவுகிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு, நுரையே வராது. அதனால் கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் குடிக்கிற தண்ணீர். காற்றாட நன்றாகக் காய்ந்த பிறகுதான் டப்பாவில் வைப்பேன். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிய்ந்து போனாலோ, கழுவியும் வாடை போகவில்லை என்றாலோ யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

போன தை மாசம் சின்னவளுக்கு நிச்சயதார்த்தம், ஆவடியில். "உன்னையே நம்பி இருக்கேன்" என்றார் நாத்தனார். எனக்குக் கை நடுங்கியது. ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவள் நிறத்திலேயே பவுண்டேஷன், புது ஸ்பாஞ்சு, ஒரு பஃப். ஸ்பாஞ்சுக்கும் பஃபுக்கும் நூறு ரூபாய் கூட ஆகவில்லை. மாநிறம் மாநிறமாகவே இருந்தது, மூக்கும் முழியுமாக அவ்வளவு அழகு. சாயங்காலம் வரை ஒரு திட்டு இல்லை.

மூத்தவள் தங்கையை ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "அத்தை, அடுத்த மாசம் என் பையனுக்கு காது குத்து. எனக்கும் இதே மாதிரி போட்டு விடுவீங்களா? ஒரு போட்டோ எடுத்துக்கணும்" என்றாள்.

தனியாக ஒரு புது ஸ்பாஞ்சு வாங்கி, அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, அம்பத்தூர்.